இரண்டாம் பூட்டு

துணை ஆணையர் கடைக்குள் வந்தபோது இடி ஒரு வெள்ளைச் சட்டையின் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலரை நுனியிலிருந்து நடுவுக்குத்தான் தேய்க்க வேண்டும். மாற்றித் தேய்த்தால் சுருக்கமெல்லாம் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். சிறைச் சலவைக்கூடத்தில் கற்ற பாடம் அது. காவல்துறையில் அத்தனை வருடம் குப்பை கொட்டியதில் இன்றைக்குச் சோறு போடுவது ஒன்றுமில்லை. சிறையில் கழித்த ஆறு வருடம்தான் கைகொடுத்தது.

இடி என்பது துப்பறியும் பிரிவில் வைத்த பெயர். நாள் முழுக்க வாயைத் திறக்கமாட்டார். திறந்தால் அறை அதிர ஒன்று சொல்வார். அதனால் அந்தப் பெயர். கூட வேலை பார்த்தவர்கள் செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் அதையே நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லி, "இவரோட ஆளுங்களே இவருக்கு வச்ச பேரைக் கேளுங்க" என்றபோது பெயரின் நிறமே மாறிப்போனது. விசாரணை அறையில் கைவிலங்கு போட்டு உட்காரவைத்திருந்த ஒரு லாரி ஓட்டுநரை அடித்துக் கொன்றார் என்று தீர்ப்பானது. பதினான்கு வருடம். ஆறு போனது, எட்டு பாக்கி. வழக்கை மறுபடி பார்க்கிறோம் என்று மேல்நீதிமன்றம் ஒப்புக்கொண்டதால் ஜாமீன் கிடைத்து, இப்போது அக்காவின் சலவைக்கடையில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிற்கிறார்.

"என்னண்ணே, பாதியா இளைச்சுட்டீங்க?" என்றார் துணை ஆணையர்.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. வாத்தியார். எதையும் விதிப்புத்தகத்தில் உள்ளபடி செய்கிறவர் என்பதால் வந்தது. ஒரு காலத்தில் இடியும் அவரும் ஒரே வண்டியில் சுற்றியவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அதே வாத்தியார்தான் கூண்டில் ஏறி, "அண்ணனைத் தவிர வேற யாரும் அந்த அறைக்குள்ள போகலை. அண்ணன் கத்தற வரைக்கும் நான் என் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை" என்று கண்கலங்கச் சொன்னார். அந்தக் கண்ணீர் நன்றாக வேலை செய்தது. இன்னும் ஒரு மாதத்தில் ஆணையராகிவிடுவார் என்று பேச்சு.

"அக்கா, சௌக்கியமா?"

உருளும் கம்பியில் வரிசையாகத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவிலிருந்து அக்கா தலையை நீட்டினாள். "உங்க புண்ணியத்துல உயிர் இருக்கு. துணி ஏதாவது போடணுமா? கறை எடுக்கற வேலை இங்க நல்லா நடக்கும். சில கறைதான் போகாது."

வாத்தியார் சிரித்துவைத்தார். பிறகு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஈரமில்லாத இடமாகப் பார்த்து மேசையில் விரித்தார். மன்னிப்பு மனு. அமைச்சர் சம்மதித்துவிட்டாராம். இடி கையெழுத்துப் போட்டால் போதும், பாக்கி எட்டு வருடமும் ரத்து. பாதி ஓய்வூதியமும் உண்டு. திங்கட்கிழமை மறுவிசாரணைக்குப் போக வேண்டியதே இல்லை.

"போய்த் தோத்தீங்கன்னா அங்கேருந்து அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்கண்ணே. அக்கா வயசைப் பாருங்க. நீங்க திரும்பி வரும்போது இருப்பாங்களா?"

"நான் இருப்பேன். உங்க கவலையெல்லாம் எதுக்கு?" என்றது கோட்டுகளுக்கு நடுவிலிருந்து குரல்.

இடி மனுவைப் படித்தார். நடுவில் ஒரு வரி: நான் செய்த குற்றத்திற்காக மனமார வருந்துகிறேன். அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது இல்லாம மன்னிக்க முடியாதா?"

"அதெப்படிண்ணே? தப்பு பண்ணவனைத்தானே மன்னிக்க முடியும்?"

"ஆமா. அதான் எனக்கும் உதைக்குது."

இடி மறுபடி காலரில் பெட்டியை வைத்தார். இஸ்திரிப்பெட்டியிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்து அடங்கியது. வாத்தியார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடையில் வெக்கை அதிகம்தான்.

"உங்களைக் கொடுமைக்காரர்னு நான் என்னைக்காவது சொன்னேனாண்ணே? கோவத்துல ஒரு தள்ளு தள்ளிட்டீங்க. மல்லாக்க விழுந்தான், மேசை விளிம்புல பின்மண்டை பட்டுது. அவ்வளவுதான். வேணும்னு சித்திரவதை பண்ணலைன்னு அன்னிக்கே அதிகாரிங்ககிட்ட அடிச்சுச் சொன்னேன். அவன் மணிக்கட்டுல ஒரு கீறல்கூட இல்லையே."

இஸ்திரிப்பெட்டி நின்றது. காலர் கருகும் முன் இடி அதைத் தூக்கி நிறுத்திவைத்தார்.

"மணிக்கட்டுலயா?"

"ஆமாண்ணே. சுத்தமா இருந்துது." வாத்தியார் எழுந்தார். "ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பறேன். கையெழுத்துப் போட்டு வைங்க. பிடிவாதம் பிடிக்கற வயசு தாண்டியாச்சு."

வண்டி போன சத்தம் அடங்கியதும் அக்கா வெளியே வந்தாள். கையிலிருந்த பிளாஸ்டிக் உறைகளைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு எதிரில் நின்றாள். வாத்தியார் எதிரில் இருந்த வீறாப்பு இப்போது அவள் முகத்தில் இல்லை.

"போட்டுடுடா கையெழுத்தை."

இடி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை முறைக்காத. அவன் எதிர்ல உன்னை விட்டுக்குடுக்க முடியுமா? அதுக்காகச் சொன்னது அது. இப்ப நான் சொல்றதைக் கேளு. நீ கொல்லலைன்னு எனக்குத் தெரியும். வீட்டுல ஒரு கரப்பான்பூச்சியை அடிச்சதில்ல, இடியாம் இடி. ஊருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எனக்குக் கம்பிக்கு இந்தப்பக்கம் ஒரு தம்பி வேணும். அவ்வளவுதான்."

"நான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டு இந்தப்பக்கம் வந்தா, வர்றது உன் தம்பி இல்லக்கா. வேற எவனோ."

"எவனோ வரட்டும். அவனுக்கும் சோறு போடறேன்."

இடி மனுவை எடுத்து அலமாரியின் மேல் வைத்தார். காலரை மறுபடி தேய்க்க முயன்றார். மனம் அங்கே இல்லை. ஒரு மணிக்கட்டில் இருந்தது.

அன்று நடந்தது இவ்வளவுதான். காலாவதியான மருந்துகளுக்குப் புதுத் தேதி ஒட்டிக் கடத்திய லாரி அது. ஓட்டுநர் வெகுநேரம் அழுதுவிட்டு, "எந்த ரோட்டுல சோதனை இல்லைன்னு உங்க ஆள் ஒருத்தர்தான் சொல்லிக்குடுப்பார் சார். பேரைச் சொல்றேன். ஆனா நீதிபதி முன்னாடிதான் சொல்வேன்" என்றான். இடி அவன் கைகளைப் பின்னால் வைத்து விலங்கு மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தாழ்வாரத்தின் கோடியிலிருந்த தொலைபேசிக்குப் போனார். நீதிபதி லேசில் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் மல்லாந்து கிடந்தான், கைகள் முதுகுக்கு அடியில். இடி மண்டியிட்டு அவன் தலையைத் தூக்கினார். சட்டையெல்லாம் ரத்தமானது அப்போதுதான். அந்தச் சட்டைதான் அவருக்கு எதிரான முதல் சாட்சி.

செய்தது யார் என்று ஆறு வருடத்தில் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? ஊமை கண்ட கனவு.

ஆனால் மணிக்கட்டில் கீறல் இல்லை என்பது அவருக்குப் புதிது. ஒரு ஆள் தன் முழு எடையோடு தன் விலங்கின் மேலேயே விழுந்து கிடந்திருக்கிறான். அவர் மாட்டிய விலங்கு சதையைக் கடித்திருக்க வேண்டும். கடிக்காமல் இருக்க வழியே இல்லை.

ஒரே ஒரு வழியைத் தவிர.

கடையை அக்காவிடம் விட்டுவிட்டு, தன் வழக்கை நடத்தும் வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு நடந்தார். மாடியில் சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டிடத்துக் குழாய்கள்தான் தெரியும். வக்கீலம்மாவுக்குச் சளி. ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் வழக்குக் கட்டு.

"கை படம் இருக்காம்மா?" என்றார்.

"எந்தக் கை?"

"செத்தவன் கை. உடம்பைத் திருப்பிப் போட்டு எடுத்திருப்பாங்க."

தேடி எடுத்துக் கொடுத்தாள். விசாரணையில் யாரும் காட்டாத படம் அது. காயமில்லாத கையை யார் பார்ப்பார்கள்? இடியும் கேட்டதில்லை. அவன் கை எப்படி இருக்கும் என்று தெரியும் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களின் வழக்குகளில் இப்படி எதையும் நினைத்துக்கொள்ளாதவர், தன் வழக்கில் நினைத்துக்கொண்டார்.

விலங்குக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

படத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வக்கீலம்மா இரண்டு முறை தும்மினாள். மூன்றாவதுக்கு முன் பொறுமை போனது. "சார், எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க. இல்லாட்டி இது உங்களுக்கும் படத்துக்கும் நடுவுல நடக்கற வழக்கா?"

சொன்னார். கைவிலங்கின் வளையம் பல்வைத்தது. மாட்டியபின் அழுத்தினால் கடக் கடக் என்று இன்னும் உள்ளே போகும், திரும்பி வராது. அதனால்தான் திமிறுகிறவனுக்குக் கை வீங்கிப்போகிறது. அதைத் தடுக்க இரண்டாம் பூட்டு ஒன்று உண்டு. சாவியின் தலையில் மூக்குப் போல் சின்ன ஊசி இருக்கும். அதை விலங்கின் பக்கவாட்டுத் துளையில் வைத்து அழுத்தினால் உள்ளே ஒரு தாழ் விழும். பிறகு யானை மேலே விழுந்தாலும் வளையம் ஒரு பல் நகராது.

"அப்ப இவனுக்கு இரண்டாம் பூட்டு போட்டிருக்கு?"

"விழறதுக்கு முன்னாடியே போட்டிருக்கு. இல்லாட்டி கடிச்சிருக்கும்."

"நீங்கதான் போட்டீங்கன்னு சொல்வாங்களே சார்."

"என் சாவிக்கு மூக்கு கிடையாதும்மா. எப்பவோ உடைஞ்சுபோச்சு. மூக்கறுந்த சாவின்னு பிரிவே சிரிக்கும். புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். எங்க துறையில ஒரு சாவி வர்றதுக்குள்ள நாலு அமைச்சர் வந்து போயிடுவாங்க."

"வேற யார் போட்டிருப்பா?"

இடி ஜன்னலுக்கு வெளியே குழாய்களைப் பார்த்தார். "விலங்கு போட்ட ஆளைக் கண்டா கை தானா சாவிக்குப் போற ஒருத்தரைத்தான் எனக்குத் தெரியும். யார் மாட்டின விலங்கா இருந்தாலும் சரி. நாம வெளியே போகும்போது விளக்கை அணைப்போமே, அது மாதிரி. கைதிக்குக் கை வலிக்கக் கூடாதுன்னு விதியில இருக்கு."

வக்கீலம்மாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "கொல்றதுக்கு முன்னாடி... கை வலிக்கக் கூடாதுன்னா?"

"அவர் அதை யோசிச்சிருக்கமாட்டார். அதான் விஷயமே."

ஆனால் படம் வெறும் படம். விலங்கைச் சாவி போட்டுத் திறந்திருந்தால், திறந்தபோதே இரண்டாம் பூட்டும் கலைந்திருக்கும். வக்கீலம்மா பிரேதப் பரிசோதனை மருத்துவரின் சாட்சியத்தைப் புரட்டினாள். புரட்டியவள் நிறுத்தினாள். "சார், இவங்க விலங்கைத் திறக்கவே இல்லை. வளையத்தை அறுத்து எடுத்திருக்காங்க. உங்க சாவியைப் பையில போட்டு முத்திரை வச்சாச்சாம். முத்திரையைப் பிரிக்க யாருக்கும் தைரியம் வரலை."

வேறொரு சாவி கொண்டுவர யாருக்கும் தோன்றவுமில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக இடி வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஆளுங்கம்மா அவங்க. பொணத்து மேல ரம்பம் வைப்பாங்க, அரக்கு மேல கை வைக்கமாட்டாங்க."

அப்படியானால் விலங்கு பூட்டியபடியே சான்றுப்பொருள் அறையில் இருக்கிறது. அறுந்த வளையத்தின் மிச்சத்தை உள்ளே தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். நகர்ந்தால் ஒற்றைப் பூட்டு. நகராவிட்டால் இரண்டாம் பூட்டு. மன்னிப்பை வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்துபோகும். முடிந்த வழக்கின் பொருள்களை உருக்கப் போட்டுவிடுவார்கள்.

"நகர்ந்துட்டா சார்?"

"நகர்ந்துட்டா நான் உள்ள."

"அறுக்கும்போது ஏதாவது ஆகியிருக்கலாம். ஆறு வருஷமா எவன் எடுத்து எங்க போட்டானோ. கைல இருக்கற மன்னிப்பை விட்டுட்டு..."

"மன்னிப்பு என் கைல இல்லம்மா. அவர் கைல இருக்கு. எனக்குத் தூக்கிப் போடறார்."

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரின் ஆள் வந்தான். மழமழவென்று சவரம் செய்த முகம், மேசைமேல் எதையும் தொட யோசிக்கும் விரல்கள். மனுவைக் கேட்டான்.

இடி அப்போது ஒரு பட்டுச் சேலையைத் தேய்க்க எடுத்திருந்தார். பட்டில் வைப்பதற்கு முன்னால் பெட்டியின் சூட்டை ஏதாவதொரு தாளில் வைத்துப் பார்ப்பது கடை வழக்கம். அலமாரியின் மேலிருந்து மனுவை எடுத்து விரித்தார். பெட்டியை அதன் நடுவில் வைத்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீய்ந்த வாசனை கடை முழுக்கப் பரவியதும் பெட்டியைத் தூக்கினார். மனமார வருந்திய வரி இருந்த இடத்தில் பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

"பட்டுக்கு இந்தச் சூடு ஆகாது" என்றார். தாளை மடித்து அவனிடம் நீட்டினார். "உங்க ஐயாகிட்ட குடுங்க."

அவன் போனதும் அக்கா உள்ளே போய், ஆறு வருடமாக உறையில் தொங்கிய அவருடைய கருநீலக் கோட்டை எடுத்துவந்து மேசைமேல் போட்டாள். "தள்ளு. இதை நான் தேய்க்கிறேன். நீ தேய்ச்சா தோள்ல பளபளன்னு தேய்ச்சு வைப்ப." கண்ணில் வந்ததைத் துடைக்காமல் பெட்டியை எடுத்தாள். "பிடிவாதம் பிடிச்ச கழுதை. அப்பா மாதிரியே."

நீதிமன்ற அறையில் மின்விசிறிகள் சத்தம் அதிகம், காற்று குறைவு. வாத்தியார் முழுச் சீருடையில் வந்திருந்தார். முதலில் கூண்டில் ஏறியவர் அவர்தான். பழைய சாட்சியத்தில் ஏதும் மாற்றம் உண்டா என்று வக்கீலம்மா கேட்டாள். ஒரு எழுத்து மாற்றமில்லை என்றார். அறைக்குள் போகவில்லையா? போகவில்லை. இறந்தவரைத் தொடவில்லையா? அண்ணன் கத்தியபிறகுதான் வாசலுக்கே வந்தேன், தொடவில்லை.

நீதிபதியின் முன் இரண்டு சான்றுப்பொருள் பைகள் வைக்கப்பட்டன, ஒன்றில் சாவி, இன்னொன்றில் விலங்கு. இரண்டிலும் சிவப்பு அரக்கு அப்படியே இருந்தது. அரசு வக்கீல் எழுந்தார்.

"ஐயா, அரசோட மன்னிப்பு இப்பவும் இருக்கு. புது மனு தயாரா இருக்கு. ஆனா இந்த முத்திரைகளை உடைக்கிற வரைக்கும்தான். உடைச்ச பிறகு அரசு அதைத் திரும்ப எடுத்துக்கும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வயதானவர், தூக்கம் குறைந்த கண்கள். "கேட்டீங்களா? நான் சுத்தி வளைச்சுப் பேசலை. இந்தப் பைகளுக்குள்ள நீங்க சொல்றது இல்லைன்னா, இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போக முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

பார்வையாளர் வரிசையில் அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். இடி அவளைப் பார்த்தார். அந்த எட்டு வருடம் எப்படிப்பட்டது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஈரத்துணிகளின் வாசனை, இரும்புக் கதவின் எதிரொலி, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத காலைகள். அக்கா முந்தானையை எடுத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள், ஒரே ஒரு முறை.

"உடைங்கய்யா" என்றார் இடி.

அரக்கு நொறுங்கியது. முதலில் சாவி வந்தது. நீதிபதி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தலையில் ஊசி இருக்க வேண்டிய இடம் மொட்டையாக, துருவேறி இருந்தது. எழுத்தர் குறித்துக்கொண்டார். பிறகு இரண்டாவது பையிலிருந்து விலங்கு. இரண்டு வளையங்களும் அறுபட்டு, மிச்சம் பூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"யாராவது ஒரு காவலர் வந்து அழுத்திப் பாருங்க" என்றார் நீதிபதி.

"ஐயா, ஒரு வேண்டுகோள்" என்றார் இடி. அவர் குரலைக் கேட்டதும் பின்வரிசைகூட நிமிர்ந்தது. "துணை ஆணையரே அழுத்தட்டும். துறையில இதையெல்லாம் விதிப்படி செய்யத் தெரிஞ்சவர் அவர்தான்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. வாத்தியார் விலங்கைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினார்.

"அழுத்துங்க" என்றார் நீதிபதி.

வாத்தியார் அழுத்தினார். கடக் என்ற ஒரு சத்தத்துக்காக மொத்த அறையும் காது கொடுத்தது. விசிறிகள் மட்டும் சுற்றின. விலங்கை மேசையில் ஊன்றி, உடம்பின் எடையைப் போட்டு அழுத்தினார். விரல்முட்டிகள் வெளுத்தன. வளையம் இம்மியும் நகரவில்லை. இன்னொன்றையும் அழுத்தினார். அதுவும் நகரவில்லை.

அரசு வக்கீல் பாய்ந்து எழுந்தார். "ஐயா, குற்றவாளி வேற யார்கிட்டயாவது சாவி வாங்கிப் பூட்டியிருக்கலாம்!"

"இருக்கலாம்." நீதிபதி வாத்தியார் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அந்தத் தளத்துல யார் யார்கிட்ட சாவி இருந்தது?"

"அண்ணன்கிட்ட ஒண்ணு." வாத்தியார் கையிலிருந்த விலங்கைப் பார்த்தார். "என்கிட்ட ஒண்ணு."

"நீங்க அவருக்குக் குடுத்தீங்களா?"

"சாவியைக் கைமாத்தறது விதிக்கு விரோதம்ங்கய்யா. நான் யாருக்கும் குடுத்ததில்ல." சொல்லி முடித்தபிறகுதான், சொன்னது என்னவென்று அவர் முகத்துக்கு எட்டியது.

வக்கீலம்மா மூக்கைத் துடைக்கக்கூட அசையவில்லை. இடி மேசையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை.

"அது ஒரு பழக்கம்ங்கய்யா" என்றார் வாத்தியார். குரல் இறங்கியிருந்தது. "விலங்கு போட்ட ஆளைப் பாத்தா பூட்டிடுவேன். கை வீங்கிடுமேன்னு. அவன் உக்காந்துதான் இருந்தான். நான் போனது அவனை... பேசிப் பாக்கத்தான்..."

அரசு வக்கீல் கையை நீட்டி அவரைத் தடுக்கப் பார்த்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு இடியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்லைங்கய்யா," என்றார் இடி. "அவர் இன்னும் முடிக்கலை."